கார்த்திகைக்கு எதிரே விருச்சிகம்

அன்புள்ள அண்ணனுக்கு,

வணக்கம். வண்டிப்பெரியாறு பக்கம் ஒரு எஸ்டேட்டில் இருக்கிறோம். வீட்டுக்காரருக்கு தேயிலை ஃபேக்டரியில் வேலை. மகள் ஆறாம் வகுப்பு படிக்கிறாள், மலையாள மீடியம். மூடுபனி இல்லாத இரவுகளில் லயத்து வாசலில் நின்றால் வானம் முழுக்க நட்சத்திரம்தான். செல்போனில் ஒரு ஆப் இறக்கி மேலே காட்டினேன். ஓரிடத்தில் ‘ஓரியன், வேட்டைக்காரன்’ என்று படம் போடுகிறது. என் மாமியார் அதே இடத்தைக் காட்டி, அது மிருகசீரிஷம், மான், பக்கத்தில் இருப்பது திருவாதிரை என்கிறார். வேட்டைக்காரனா மானா, எது உண்மை என்று மகள் கேட்கிறாள். அவளுக்கு இன்னொரு சந்தேகமும் உண்டு. பள்ளிக்கூடத்தில் விருச்சிக மாதம் என்கிறார்கள், வீட்டில் கார்த்திகை மாதம் என்கிறோம். தேளுக்கும் கார்த்திகைப் பெண்களுக்கும் என்ன சம்பந்தம்?

என் கேள்வி இது. 27 நட்சத்திரம் என்கிறோம், 12 ராசி என்கிறோம், ஆப்பில் 88 கூட்டம் இருக்கிறது. எந்தக் கணக்கு சரி? கிரேக்கக் கதையெல்லாம் வெளியிலிருந்து வந்ததுதானே, நம்முடையதை மட்டும் பிள்ளைக்குச் சொல்லிக்கொடுத்தால் போதாதா? எங்கிருந்து ஆரம்பிப்பது என்றும் எழுதுங்கள்.

வாசகி, வண்டிப்பெரியாறு

*

அன்புள்ள தங்கைக்கு,

மகளின் இரண்டாவது கேள்வியை முதலில் எடுத்துக்கொள்கிறேன். அது பிடிபட்டுவிட்டால் மற்றதெல்லாம் தானாக வந்துவிடும். மலைக்கு இந்தப் பக்கம் கூடலூரிலும் கம்பத்திலும் அந்தப் பக்கம் குமுளியிலும் பீர்மேட்டிலும் இரண்டு பெயரையும் நாம் வருடம் முழுக்கப் புழங்குகிறோம், கார்த்திகை ஒன்றாம் தேதி மாலை போட்டுக்கொண்டு கம்பம் வழியாக மலையேறும் சாமிமார் குமுளியைத் தாண்டியதும் விருச்சிகம் ஒன்று என்ற காலண்டரைப் பார்க்கிறார்கள், ஆனால் ஒரே மாதத்துக்கு ஏன் இரண்டு பெயர் என்று யாரும் கேட்டு நான் கேள்விப்பட்டதில்லை. ஆறாம் வகுப்புப் பிள்ளை கேட்டிருக்கிறாள். சந்தோஷமாக இருக்கிறது.

மாதத்துக்குப் பெயர் வைக்க வானத்தில் இரண்டு இடங்களைப் பார்க்கலாம். அந்த மாதத்தில் சூரியன் நிற்கும் இடம் ஒன்று, அந்த மாதத்துப் பௌர்ணமி நிலா நிற்கும் இடம் இன்னொன்று. நிலா சூரியனுக்கு நேர் எதிரே வரும் நாள்தான் பௌர்ணமி. ஆகவே இந்த இரண்டு இடங்களும் எப்போதும் வானத்தின் எதிரெதிர்ப் பக்கங்களில்தான் இருக்கும். நவம்பர் நடுவிலிருந்து டிசம்பர் நடுவரை பஞ்சாங்கக் கணக்கில் சூரியன் விருச்சிகத்தில் இருக்கிறது. அதற்கு எதிர்ப்பக்கத்தில் இருப்பது கார்த்திகை நட்சத்திரம். கேரளத்தில் சூரியன் நின்ற இடத்தை வைத்து மாதத்துக்குப் பெயர் சொன்னார்கள், நாம் நிலா நின்ற இடத்தை வைத்துச் சொன்னோம். மாதம் ஒன்றுதான், ஒரு நாள் முன்பின் பிறக்கும், அவ்வளவுதான் வித்தியாசம். சிங்கம், கன்னி, துலாம், விருச்சிகம் என்று அவர்கள் வரிசை போகிறது. சித்திரை, வைகாசி, கார்த்திகை, மார்கழி என்று நம்முடையது.

இதைக் கண்ணால் பார்க்கலாம். திருக்கார்த்திகை அன்று சாயங்காலம், விளக்கேற்றுவதற்குக் கொஞ்சம் முன்னால், வெட்டவெளியில் நில்லுங்கள். மேற்கே சூரியன் இறங்கும்போது தேள் கூட்டமும் அதோடு சேர்ந்து இறங்கிக்கொண்டிருக்கும், வெளிச்சத்தில் கண்ணுக்குத் தெரியாது. அதே நேரம் கிழக்கே நிலா ஏறும். நன்றாக இருட்டிய பிறகு நிலாவை உள்ளங்கையால் மறைத்துக்கொண்டு அதன் பக்கத்தில் தேடினால் நெருக்கமாக ஆறு நட்சத்திரம் கொண்ட ஒரு சின்னக் கொத்து மங்கலாகத் தெரியும். அதுதான் முருகனைத் தூக்கி வளர்த்த கார்த்திகைப் பெண்கள். அன்றைக்கு நிலா வெளிச்சத்தில் சரியாகத் தெரியாவிட்டால் நாலைந்து நாள் பொறுங்கள், நிலா தாமதமாக உதிக்கத் தொடங்கியதும் பளிச்சென்று தெரியும். விருச்சிக மாதத்தில் விருச்சிகத்தை யாராலும் பார்க்க முடியாது, கார்த்திகையை இரவு முழுக்கப் பார்க்கலாம்.

தைப்பூசம், மாசிமகம், பங்குனி உத்திரம், வைகாசி விசாகம் எல்லாம் இதே கணக்கில் வந்த விழாக்கள்தான். மங்கலதேவி மலையில் கண்ணகி கோயிலுக்கு வருடத்தில் ஒரே நாள், சித்திரா பௌர்ணமி அன்று, இரண்டு மாநில அதிகாரிகளும் ஏற்பாடு செய்து ஜனங்களை மேலே விடுகிறார்களே, நீங்களும் போயிருப்பீர்கள். அன்று இரவு வீடு திரும்பியதும் நிலாவைச் சுற்றிப் பாருங்கள். வெள்ளையாக, பிரகாசமாக ஒரு நட்சத்திரம் தெரியும், சில வருடம் நெருங்கி, சில வருடம் கொஞ்சம் தள்ளி. அதுதான் சித்திரை, ஆப்பில் ஸ்பைகா என்று வரும். அதன் ஒளி நம்மிடம் வந்து சேர சுமார் 250 வருடம் ஆகிறது.

சரி, வேட்டைக்காரனுக்கு வருவோம்.

தேள் ஒரு பக்கம், அதற்கு எதிர்ப்பக்கத்தில் கார்த்திகை, அதை ஒட்டியே ரோகிணி, மிருகசீரிடம், திருவாதிரை. இந்தக் கடைசி இரண்டும் இருக்கும் இடத்தைத்தான் கிரேக்கர்கள் ஓரியன் என்றார்கள். அவர்கள் கதையில் ஓரியன் பெரிய வேட்டைக்காரன், ஒரு தேள் கொட்டிச் செத்தான், அதனால்தான் கிழக்கே தேள் எழும்போது அவன் மேற்கே போய் மறைந்துகொள்கிறான். சீனாவில் இதே இரண்டு இடங்களுக்கு வேறு கதை. ஓயாமல் சண்டை போட்ட இரண்டு சகோதரர்களைப் பிரித்து, ஒருவரை ஓரியன் பக்கத்துக்கும் மற்றவரைத் தேளின் நெஞ்சில் இருக்கும் சிவப்பு நட்சத்திரத்தின் பக்கத்துக்கும் பொறுப்பாக்கி அனுப்பிவிட்டார்கள், அதன் பிறகு அவர்கள் சந்திக்கவே இல்லை. அந்தச் சிவப்பு நட்சத்திரம்தான் நம்முடைய கேட்டை. முழுத் தேளும் முழு வேட்டைக்காரனும் ஒரே நேரத்தில் வானத்தில் நிற்க முடியாது என்பதை இரண்டு நாட்டுக்காரர்களும் பார்த்துத் தெரிந்துகொண்டிருக்கிறார்கள்.

நம் ஆட்களும் பார்த்திருக்கிறார்கள், அதுவும் எவ்வளவு துல்லியமாக! புறநானூற்றில் 229ஆம் பாட்டு, கூடலூர் கிழார் பாடியது. மாந்தரஞ்சேரல் இரும்பொறை என்ற சேர அரசனுக்கு ஏதாவது ஆகிவிடுமோ என்று பயந்து, ஒரு எரிமீன் விழுந்ததைப் பார்த்த இரவைப் புலவர் சொல்கிறார். ஏழாம் நாள் அரசன் இறந்துபோகிறான். எரிமீன் விழுந்ததற்கும் அரசன் செத்ததற்கும் தொடர்பு இருந்ததாக நான் நினைக்கவில்லை. என்னை அசரவைப்பது அந்த இரவின் நேரத்தை அவர் குறித்து வைத்திருக்கும் முறை. பங்குனி மாதம், நடுநிசி, கும்மிருட்டு. உச்சியில் இருந்த நட்சத்திரம் சாய்கிறது, அதற்கு எதிரே இன்னொன்று எழுகிறது, முன்னால் போன ஒன்று துறையில் இறங்குகிறது. பழைய உரைகாரர் இவை எவை என்று பிரித்துச் சொல்லிவிட்டார்: உச்சியில் உத்தரம், அதிலிருந்து எட்டாவதாக எழுவது மூலம், பின்னோக்கி எட்டாவதாக மறைவது மிருகசீரிடம். மாதத்தின் முதல் பதினைந்து நாளுக்குள் என்றும் சொல்கிறார்.

இதைச் சரிபார்க்க பஞ்சாங்கமும் வேண்டாம், ஆப்பும் வேண்டாம். பங்குனி முதல் பாதியில், மார்ச் கடைசி வாரம் என்று வைத்துக்கொள்ளுங்கள், ராத்திரி பன்னிரண்டு மணியை ஒட்டி வெளியே வாருங்கள். ஏறக்குறைய உச்சந்தலைக்கு மேல், சிங்கத்தின் வால்நுனியாக ஆப் காட்டும் நட்சத்திரம் இருக்கும், அதுதான் உத்தரம். தென்கிழக்கே தேள் தலையும் உடம்புமாக மேலே வந்துவிட்டிருக்கும், வால் அப்போதுதான் தரையை விட்டுக் கிளம்பும். வாலின் கொடுக்குதான் மூலம். மேற்கே திரும்பினால் ஓரியனின் தலை இருக்கும் இடம், அதாவது மிருகசீரிடம், அப்போதுதான் இறங்கியிருக்கும். மூன்றும் ஒரே நேரத்தில், புலவர் சொன்ன அதே வரிசையில். நம் பக்கம் மலை மறைப்பதால் மறைவது சற்று முன்னாலும் உதிப்பது சற்றுப் பின்னாலும் தெரியும், அதைக் கணக்கில் எடுத்துக்கொள்ளுங்கள். கணினியில் இலவசமாகக் கிடைக்கும் ஸ்டெல்லேரியம் என்ற வானம் காட்டும் மென்பொருளில் தேதியையும் நேரத்தையும் போட்டும் பார்க்கலாம், மலை இல்லாத தொடுவானத்தோடு இன்னும் சுத்தமாகத் தெரியும். மிருகசீரிடம் இறங்க மூலம் எழுகிறது என்று கூடலூர் கிழார் பார்த்ததும், வேட்டைக்காரன் ஓடி ஒளியத் தேள் வருகிறது என்று கிரேக்கர் சொன்னதும் ஒரே காட்சி. ஒருவர் அதை மணி பார்க்க வைத்துக்கொண்டார், இன்னொருவர் கதையாக்கினார்.

மணி பார்ப்பது என்று சும்மா சொல்லவில்லை. கையில் கடிகாரம் இல்லாத காலத்தில் கம்பம் பள்ளத்தாக்கில் ராத்தண்ணீர் பாய்ச்சியவர்களும், மலையில் காட்டுப்பன்றிக்குக் காவல் இருந்தவர்களும் முறை மாற்றியது நட்சத்திரத்தைப் பார்த்துத்தான். ‘ஆறு மீன் கூட்டம் மேற்கே சாஞ்சிருச்சு, அடுத்த ஆளை எழுப்பு’ என்பது என் சின்ன வயதில் பெரியவர்கள் வாயில் சாதாரணமாக வந்த பேச்சு.

இனி மானா, வேட்டைக்காரனா. மாமியார் சொன்னது சரி, ஆப் சொல்வதும் தப்பில்லை. ஐதரேய பிராமணம் என்ற வேத நூலில் ஒரு கதை உண்டு. பிரஜாபதி மானாக மாறித் தன் மகள் ரோகிணியைத் துரத்துகிறார், தேவர்கள் கொதித்துப்போய் ருத்திரனை உண்டாக்கி அம்பு விடச் சொல்கிறார்கள், அடிபட்ட மான் வானத்தில் பாய்ந்து மிருகம் என்ற நட்சத்திரமாகிறது. எய்தவன் மிருகவியாதன், அதுதான் வானத்திலேயே மிகப் பிரகாசமான சிரியஸ். மூன்று கண்ணி கொண்ட அம்பு, வரிசையாக நிற்கும் அந்த மூன்று நட்சத்திரம். இப்போது மகளோடு வெளியே நின்று அந்த மூன்றையும் கோடாக நீட்டிப் பாருங்கள். ஒரு பக்கம் நீட்டினால் சிரியஸில் போய் முட்டும், மறுபக்கம் நீட்டினால் சிவந்த ரோகிணிக்குப் பக்கத்தில் போகும். வேடன், அம்பு, மான், ரோகிணி எல்லாம் ஒரே கோட்டில்! கிரேக்கர் நடுவில் இருப்பதை வேட்டைக்காரனாக்கி, சிரியஸை அவன் நாயாக்கினார்கள். அங்கும் வேட்டைதான் நடக்கிறது. யார் துரத்துவது, யார் ஓடுவது என்பது மட்டும் மாறியிருக்கிறது.

இன்னும் கிட்டத்தில் பார்ப்போம். மூன்று நட்சத்திர வரிசைக்கு மேலே, வடக்குப் பக்கம், இரண்டு தோள். ஒன்று செம்மஞ்சள் நிறம், அதுதான் திருவாதிரை, பீட்டல்ஜூஸ் என்று ஆப்பில் வரும். 2019 கடைசியிலிருந்து 2020 பிப்ரவரி வரை வெறும் கண்ணுக்கே தெரியும்படி இது மங்கிப்போனது, அது வெளியே தள்ளிய வாயு தூசியாக உறைந்து நமக்கு முன்னால் மறைத்தது என்று பிறகு கண்டுபிடித்தார்கள். இரண்டு தோளுக்கும் நடுவில் சற்று மேலே மங்கலாக மூன்று புள்ளி நெருக்கமாக இருக்கும், அதுதான் மான்தலை, மிருகசீரிடம். வரிசைக்குத் தெற்கே நீலவெள்ளையாக மின்னுவது ரைஜெல், சுமார் 860 ஒளியாண்டு, அதாவது ஒளி நம்மிடம் வந்து சேர அத்தனை வருடம் ஆகும் தூரம். திருவாதிரைக்குப் பக்கத்துத் தோள் பெல்லாட்ரிக்ஸ் சுமார் 250 ஒளியாண்டுதான். வரிசைக்குக் கீழே தொங்கும் வாளில் பஞ்சுப்பொதியாகத் தெரிவது நட்சத்திரம் பிறக்கும் புகைமண்டலம், சுமார் 1,340 ஒளியாண்டு. ஆக இந்த உருவம் வானத்தில் எங்கும் கிடையாது. ஒன்றுக்கொன்று நூற்றுக்கணக்கான ஒளியாண்டு தள்ளி இருக்கும் நட்சத்திரங்கள் நாம் நிற்கும் இடத்திலிருந்து பார்க்கையில் பக்கத்தில் பக்கத்தில் விழுகின்றன. மானும் இல்லை, வேடனும் இல்லை, நாமாகச் சேர்த்தது. இதை மகளிடம் தெளிவாகச் சொல்லுங்கள். ஆனால் கார்த்திகை வேறு, அந்தக் கொத்து உண்மையிலேயே ஒரே மேகத்திலிருந்து சேர்ந்து பிறந்த குடும்பம், சுமார் 440 ஒளியாண்டு தொலைவில் இன்னும் ஒன்றாகவே நகர்கிறது. சப்தரிஷி ஏழில் நடு ஐந்தும் அப்படித்தான், ஓரத்து இரண்டும் வேற்றாட்கள்.

ஆப்பில் வேட்டைக்காரன் நிமிர்ந்து நிற்பதைக் காட்டுகிறார்கள் இல்லையா, அது ஐரோப்பாவில் தெரியும் கோலம். நம் ஊரில் அவன் கிழக்கே படுத்தபடி உதிப்பான், படுத்தபடியே மேற்கே இறங்குவான். உச்சிக்கு வரும்போது அண்ணாந்து பார்க்க வேண்டும்.

எந்தக் கணக்கு சரி என்ற உங்கள் கேள்விக்கு வருகிறேன். மூன்றும் வேறு வேறு வேலைக்கு வந்தவை. நிலா வானத்தை ஒரு சுற்று சுற்ற 27 நாளும் ஏழு எட்டு மணி நேரமும் ஆகிறது, ராத்திரிக்கு ஒரு தங்குமிடம் என்று 27 நட்சத்திரம் வந்தது. சூரியன் ஒரு சுற்று சுற்றுவதற்குள் ஏறத்தாழ 12 பௌர்ணமி வரும், அதற்காக 12 ராசி. 88 என்பது வானியலாளர்களின் நிர்வாக ஏற்பாடு. 2ஆம் நூற்றாண்டில் அலெக்சாந்திரியாவில் இருந்த டாலமி 48 கூட்டம் எழுதி வைத்தார். 1590களில் கிழக்கே வந்த டச்சுக் கப்பல்களில் இருந்த கெய்சரும் டி ஹௌட்மனும் தென்வானத்தில் 12 சேர்த்தார்கள். லகாய் என்ற பிரெஞ்சுக்காரர் 1751-52இல் நன்னம்பிக்கை முனையில் தங்கி இன்னும் 14 சேர்த்தார், அதில் தொலைநோக்கி, நுண்ணோக்கி, கடிகாரம், காற்றுப் பம்பு எல்லாம் உண்டு. வேறு சிலர் சேர்த்தவற்றையும் கணக்கில் எடுத்து 1922இல் சர்வதேச வானியல் ஒன்றியம் 88 என்று முடிவு செய்தது, டெல்போர்ட் என்ற வானியலாளர் வரைந்த எல்லைகள் 1930இல் வெளியாயின. சர்வே கல் நட்டு ஊர் எல்லை பிரித்த மாதிரி, வானத்தில் எந்தப் புள்ளியும் ஏதாவது ஒரு கூட்டத்துக்குள் வந்துவிடும். புதிதாக ஒரு வால்நட்சத்திரம் தெரிந்தால் எங்கே என்று சொல்ல அது வேண்டும்.

ஜாதகக்காரரின் ராசியும் வானத்தில் தெரியும் கூட்டமும் ஒன்றல்ல. ராசி என்பது தலா 30 பாகை என்று சமமாக வெட்டிய பங்கு. ஒன்றியத்தின் எல்லைப்படி பார்த்தால் சூரியன் தேளுக்குள் இருப்பது நவம்பர் கடைசியில் ஏறத்தாழ ஒரு வாரம்தான், அதன் பிறகு டிசம்பர் நடுவரை பாம்பாட்டி என்ற கூட்டத்தில் இருக்கும், அது 12இல் சேர்த்தியே இல்லை. ராசிபலனை நான் நம்புவதில்லை. பிறந்த நேரத்தில் ஒரு நட்சத்திரம் எங்கே நின்றது என்பதற்கும் ஒரு பிள்ளையின் படிப்புக்கும் கல்யாணத்துக்கும் எந்தத் தொடர்பும் இல்லை, மகளுக்கு அந்தப் பயத்தைக் கொடுத்துவிடாதீர்கள். ஆனால் பஞ்சாங்கத்தில் பார்த்துப் பார்த்துச் சேர்த்த வானியல் இருக்கிறது, அதைத் தள்ளிவிடவும் கூடாது.

நம்முடையதை மட்டும் சொல்லிக்கொடுத்தால் போதாதா என்று கேட்டிருக்கிறீர்கள். இதில் எனக்கு உங்களோடு உடன்பாடு இல்லை. தேள் உருவத்தை எடுத்துக்கொள்ளுங்கள். மூவாயிரம் வருடத்துக்கு முந்தைய பாபிலோனியப் பட்டியலிலேயே அது இருக்கிறது. அங்கிருந்து கிரேக்கம் போய், கிரேக்கத்திலிருந்து இங்கே வந்தது. 6ஆம் நூற்றாண்டில் வானியல் அறிஞர் வராகமிகிரர் விருச்சிகத்துக்குக் கௌர்ப்பி, மேஷத்துக்குக் க்ரிய என்று கிரேக்கப் பெயரையே எழுதியிருக்கிறார், அதில் அவருக்குக் கூச்சம் இருந்ததாகத் தெரியவில்லை. நெடுநல்வாடையில் அரசி கட்டிலில் படுத்தபடி விதானத்தில் வரைந்த வானத்தைப் பார்க்கிறாள். ஆட்டைத் தலையாக வைத்துச் சுற்றும் ராசி மண்டலமும் அதில் இருக்கிறது, நிலாவை விட்டுப் பிரியாத ரோகிணியும் இருக்கிறாள். கணவன் போர்ப் பாசறையில் இருக்கிறான், அந்த ரோகிணியைப் பார்த்து அரசி பெருமூச்சு விடுகிறாள். ராசியும் நட்சத்திரமும் ஒரே துணியில் வரையப்பட்டிருக்கின்றன. சங்கப் புலவர் அப்போதே இரண்டையும் சேர்த்து எழுதிவிட்ட பிறகு நாம் எதற்குப் பிரிக்க வேண்டும்? ஆப்பில் வரும் ரைஜெல், ஆல்டெபரான் (நம் ரோகிணி) எல்லாம் அரபிப் பெயர்கள், பாரசீகத்தில் இருந்த அல்-சூஃபி 964இல் ஒவ்வொரு நட்சத்திரத்தின் நிறத்தையும் பிரகாசத்தையும் எழுதி வைத்தார். எல்லாருடைய உழைப்பும் அதில் இருக்கிறது. பிள்ளைக்கு எல்லாமே வேண்டும்.

பக்கத்து வீட்டாரிடமும் கேளுங்கள். இடுக்கியில் மிளகு போடுகிறவர்கள் வருடத்தை 27 ஞாற்றுவேலயாகப் பிரித்து வைத்திருக்கிறார்கள், சூரியன் ஒரு நட்சத்திரத்தைக் கடக்க எடுத்துக்கொள்ளும் பதின்மூன்று பதினான்கு நாள் ஒரு ஞாற்றுவேல. ஜூன் கடைசியில் வரும் திருவாதிரை ஞாற்றுவேலதான் மிளகுக்கொடி நட நல்ல சமயம். போர்ச்சுக்கீசியர் மிளகுக்கொடியைக் கப்பலில் ஏற்றிக்கொண்டு போகிறார்களே என்று கோழிக்கோட்டு அரசர் சாமூதிரியிடம் முறையிட்டபோது, கொடியைத்தானே கொண்டுபோக முடியும், நம் திருவாதிரை ஞாற்றுவேலயைக் கொண்டுபோக முடியுமா என்று அமைச்சர் சொன்னதாகக் கதை உண்டு. அந்த ஞாற்றுவேல நாட்களில் திருவாதிரை சூரியனோடு சேர்ந்து பகலில் இருக்கும், கண்ணுக்கே தெரியாது. நம்முடைய கத்திரி வெயிலுக்கும் அக்னி நட்சத்திரம் என்று பெயர் வந்தது இதே கணக்கில்தான், சூரியன் அப்போது கார்த்திகைப் பக்கம் இருக்கிறது, கார்த்திகைக்குத் தேவதை அக்னி. கண்ணுக்குத் தெரியாத நேரத்திலும் ஒரு நட்சத்திரம் எங்கே இருக்கிறது என்று தெரிந்துவைத்திருந்தவர்கள் நம் விவசாயிகள்.

சரி, எங்கிருந்து ஆரம்பிப்பது? தை மாதம், நிலா இல்லாத இரவு, ஒன்பது மணி. முதலில் செல்போனை உள்ளே வைத்துவிடுங்கள். கண் இருட்டுக்குப் பழக இருபது முப்பது நிமிடம் வேண்டும், ஒருமுறை திரையைப் பார்த்தால் மறுபடி முதலிலிருந்து. லயத்து வாசலை விட்டுத் தேயிலைக்குள் போக வேண்டாம், ராத்திரியில் யானை நடமாட்டம் உள்ள இடம். உச்சிக்குப் பக்கத்தில் வரிசையாக மூன்று நட்சத்திரத்தைப் பிடியுங்கள், அங்கிருந்து தென்கிழக்கே சிரியஸ், வடமேற்கே ரோகிணி, அதையும் தாண்டிப் போனால் கார்த்திகைக் கொத்து. முதல் ராத்திரிக்கு இது போதும். கார்த்திகையில் எத்தனை எண்ண முடிகிறது என்று மகளைக் கேளுங்கள். நம் கதையில் ஆறு, கிரேக்கர் கதையில் ஏழு சகோதரிகள், நல்ல கண்ணுக்கு அதற்கு மேலும் தெரியும்.

அப்புறம் தெற்கே, சிரியஸுக்குக் கீழே, பிரகாசத்தில் வானத்திலேயே இரண்டாவதாக ஒரு நட்சத்திரம் மலைக்கு மேல் நிற்கும். அதுதான் அகத்தியர். கெனோபஸ் என்று ஆப் காட்டும். ஏதென்ஸில் இருந்தவர்களால் இதைப் பார்க்க முடியாது, அவர்களுக்கு அது தொடுவானத்துக்குக் கீழே. விந்தியத்தைத் தாண்டித் தெற்கே வந்த முனிவருக்கு இந்த நட்சத்திரத்தைக் கொடுத்தார்கள். வடக்கே போகப் போக இறங்கிக்கொண்டே போகும், நமக்குத்தான் நல்ல உயரத்தில் நிற்கிறது. பொதிகையும் அகத்தியர்கூடமும் இதே மலைத்தொடரில் தெற்கே இருக்கின்றன என்பதையும் மகளிடம் சொல்லிவையுங்கள்.

பைனாகுலர் வாங்க முடிந்தால் 7×50 அல்லது 10×50 என்று கேட்டு வாங்குங்கள், தொலைநோக்கி இப்போதைக்கு வேண்டாம். கார்த்திகையில் டஜன் கணக்கில் நட்சத்திரம் கொட்டும்.

மகளுக்கு ஒரு நோட்டு கொடுங்கள். எந்தத் தேதி, எத்தனை மணி, எந்த நட்சத்திரம் எந்த மரத்துக்கு மேல் அல்லது எந்தக் கூரைக்கு மேல் நின்றது, இவ்வளவு எழுதினால் போதும். தினமும் நாலு நிமிடம் முன்னதாக அதே நட்சத்திரம் அதே இடத்துக்கு வரும், மாதத்துக்கு இரண்டு மணி நேரம். இதை நீங்கள் சொல்லாதீர்கள், அவளே கண்டுபிடிக்கட்டும்.

தேளைப் பார்க்க சித்திரை கடைசி, வைகாசி ஆரம்பம். மே மாத நடுவில் ஒன்பதரை மணிக்குத் தெற்கே தாழ்வாகச் சிலுவை மாதிரி நாலு நட்சத்திரம் நேராக நிற்கும், நம் கதையில் அது சொர்க்கத்துக்கும் போக முடியாமல் பூமிக்கும் வர முடியாமல் நடுவில் நின்ற திரிசங்கு. அதைப் பார்த்துவிட்டுக் கிழக்கே திரும்பினால் தென்கிழக்கில் தேள் தலையைத் தூக்கியிருக்கும், நெஞ்சில் சிவப்பாகக் கேட்டை. பதினொரு மணிக்கு மேல் வால் முழுவதும் தெரியும், வாலுக்குப் பக்கத்தில் பால்வெளி மிக அடர்த்தியாக இருக்கும், நம் விண்மீன் மண்டலத்தின் நடுப்பகுதி அந்தத் திசையில்தான், சுமார் 26,000 ஒளியாண்டு தள்ளி. மே முடிவதற்குள் பார்த்துவிடுங்கள். ஜூன் முதல் வாரத்தில் உங்கள் பக்கம் மழை பிடித்தால் செப்டம்பர் வரை வானம் திறப்பது அபூர்வம். விட்டுப்போனால் பள்ளிக்கூடம் லீவு கிடைக்கும் ஒரு சனிக்கிழமை குமுளி இறங்கி இந்தப் பக்கம் வாருங்கள், மலை மறைவில் எங்களுக்கு அந்த மாதங்களில் மழை குறைவு, ஜூலையில்கூட இடையிடையே தேள் தெரியும்.

அன்புடன்,
அண்ணன்
கூடலூர்